தவறணை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்

தம்பிலுவில் பக்கம், பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. இடது பக்கம் தவறணை, அதாவது சாராயக் கடை. வலது பக்கம் மாதா கோயில். நடுவில் நான், எஞ்சினை நிறுத்தாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி மோட்டார் சைக்கிளில் இருக்கிறேன்.

சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணி இருக்கும். வெள்ளைச் சாரன், அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை, பையில் மடித்து வைத்த தொப்பி. காலையில் பள்ளிவாசலில் யாரோ புறங்கையில் தடவிவிட்ட அத்தர் இன்னும் மணக்கிறது. கையை எத்தனை தரம் கழுவியும் நெய்ச்சோற்று வாசம் விரலை விட்டுப் போகவில்லை. என் இளைய மகளுக்கு அன்று காலையில்தான் நிக்காஹ் முடிந்திருந்தது.

தவறணைக்குள் யாரோ மீன் பொரிக்கிறார்கள். கோயிலின் பின் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. எந்தப் பக்கம் போவதென்று யோசித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதலாம். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஹேண்டில் இடது பக்கம் திரும்பியிருந்தது.

ஏன் அங்கே நின்றேன் என்று சொல்வதானால் ஒரு பழைய பிரிஜ்ஜிலிருந்து தொடங்க வேண்டும். பிரிஜ் இல்லாமல் எனக்கு ஒரு கதையும் வராது. போன வாரம் இந்தப் பத்தியில் கொம்பிரஸரைப் பற்றி ஒரு பந்தி நீட்டி எழுதியதற்கு, "காக்கா, இது வாழ்க்கைக் கதையா, பிரிஜ் திருத்தும் பாடமா?" என்று மருதமுனையிலிருந்து ஒரு தங்கை கடிதம் போட்டிருக்கிறார் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே சாமான் அதுதான்.

ஊர் தாண்டிய குடி

கல்முனைப் பக்கத்து எங்கள் முஸ்லிம் ஊர்களில் குடிப்பதற்கென்று ஓர் இடம் கிடையாது. குடிகாரர்கள் உண்டு, இடம்தான் இல்லை. ஆகவே குடிக்கிறவன் ஊர் தாண்டிப் போவான். குடிப்பான், ஏலக்காய் மெல்லுவான், வெற்றிலை போடுவான், நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவான். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸலாத்துக்குப் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் தாண்டுவது ஒரு பெரிய காரியமில்லை. தொழிலே அதுதான். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மஞ்சள் தகரப் பெட்டி, அதில் சிவப்புப் பெயின்றால் "ஹனீபா – பிரிஜ் வேலை" என்று நானே எழுதியது. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை அந்தப் பெட்டியைத் தெரியாத கடைக்காரர் இல்லை. ஒலுவில் துறைமுகத்தில் மீன் முதலாளிகளின் குளிர்ப்பெட்டி முதல் அக்கரைப்பற்றில் கூல்பார்க்காரரின் ஐஸ்கிரீம் பெட்டி வரைக்கும் என் கை பட்டவை.

அந்தத் தவறணையின் பெட்டியும் என் கை பட்டதுதான். எப்போது என்று கேட்காதீர்கள், தலையில் முடி கறுப்பாக இருந்த காலம். குளிரூட்டும் கேஸ் அடித்து முடித்ததும் முதலாளி ஒரு பியர் போத்தலை எடுத்து நீட்டி, "குளிருதா எண்டு நீங்களே பாருங்க தம்பி" என்றார். பார்த்தேன். குளிர்ந்தது. அதுதான் தொடக்கம்.

அவர் என்னைப் பிடித்து வாயில் ஊற்றவில்லை. வீட்டில் பிரச்சினை இருக்கவில்லை, தொழிலில் நட்டமில்லை, யாரும் எனக்குத் துரோகம் செய்யவுமில்லை. யார் மேலாவது பழி போடலாமா என்று வருடக் கணக்காகத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் அகப்படவில்லை.

கை நடுங்காமலிருக்க ஒரு கிளாஸ்

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஷிபானா, இளையவள் நஸ்மியா. ஆண் பிள்ளை இல்லை.

எங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாவுக்கு ஒரு வேலை உண்டு. பள்ளிவாசலில், சபை நடுவே, மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டும். அவருடைய வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்பார். ஒரு நிமிடம் கூட ஆகாது. பெண்ணைப் பெற்றவன் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இருபது வருடம் ஓடுகிறான்.

ஷிபானாவின் நிக்காஹ் காலை பத்தரைக்கு. அந்தக் காலத்தில் காலையில் எனக்குக் கை நடுங்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வாய்க்கு வரும். இந்தக் கையாலா மருமகனின் கையைப் பிடிப்பது? முழுச் சபையும் பார்க்குமே! அதனால் ஒரே ஒரு கிளாஸ் என்று நினைத்தேன். கை நிற்பதற்கு மட்டும். மகளுக்காகத்தான் குடிக்கிறேன் என்று அப்போது மனதார நம்பினேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது.

என் வேலைக்கூடத்தில் செத்துப்போன பிரிஜ் ஒன்று கிடந்தது. அதன் மரக்கறித் தட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை அழுக்காகக் கூடாதென்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குந்தினேன்.

கண் விழித்தபோது பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. சட்டை ஆணியில் அப்படியே தொங்கியது.

வாப்பா புத்தியில் இல்லாவிட்டால் உரிமை அடுத்தவருக்குப் போகும் என்று மௌலவி முடிவு செய்து, என் தம்பி ஜௌபரைக் கொண்டு நிக்காஹ்வை முடித்திருந்தார். நெடுநாள் கழித்து ஜௌபரிடம் கேட்டேன், ஒரு தரம் எழுப்பிப் பார்த்திருக்கலாமே என்று.

"எழுப்பினன் காக்கா. மூணு தரம் எழுப்பினன். மூணாம் தரம் நீங்க எனக்கு அடிச்சீங்க," என்றான்.

அதைவிடக் கேவலம் நான் சொன்ன பொய். ஆணியிலிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் யாருக்கோ அவசரமாக இரத்தம் கொடுக்கப் போனேன், கொடுத்த இடத்தில் மயங்கி விழுந்துவிட்டேன் என்றேன். வாயெல்லாம் சாராயம் மணக்கிறது, இரத்தம் கொடுத்தவனாம்! நஸ்மியா அப்போது ஒலுவில் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வருவான். ஆகவே என் மனைவி ஹாஜரா என்னைப் போகச் சொன்னபோது எனக்கு வாதாட ஒன்றும் இருக்கவில்லை, அது அவ வீடு. என் உடுப்புகளைப் பையில் போட்டு வாசல் கேற்றடியில் வைத்திருந்தா. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெள்ளைச் சட்டை, தோய்த்து, அயன் பண்ணி, மடித்து. அவ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதோடு திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வேலைக்கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் குடித்தேன்.

பிரிஜ் பார்க்க வந்தவன்

அந்த மாதா கோயிலின் பின்னால் பாதர் தங்கும் வீட்டில் ஒரு பிரிஜ் குளிரவில்லை என்று அழைத்தார்கள். கதவைத் திறந்தவர் சவரிமுத்து அண்ணன். முன்பு தபால்காரராக இருந்தவர், இப்போது கோயில் வேலைகளைப் பார்ப்பவர்.

பிரிஜ்ஜின் பின்தகட்டைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணித் தலையில் வைக்கிறேன், அது நழுவுகிறது. வைக்கிறேன், நழுவுகிறது. அவர் சத்தமில்லாமல் வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, நாலு ஆணியையும் கழற்றித் தந்தார்.

"எத்தின வருசம்?" என்றார்.

"பழசுதான் அண்ணன். பதினஞ்சு வருசம் ஓடியிருக்கும்."

"நான் பிரிஜ்ஜக் கேக்கல்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கட வேலையப் பாருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் இருவத்தொரு வருசம் குடிச்ச ஆள். கடிதப் பையோட வாய்க்காலுக்குள்ள கிடந்து தூக்கியெடுத்திருக்காங்க. ஊராக்கள்ட கடிதமெல்லாம் தண்ணியில மிதந்ததாம். இப்ப விட்டு ஒம்பது வருசம். சனிக்கிழமை நாலு மணிக்கு இந்தப் பின் மண்டபத்தில என்னப் போல கொஞ்சப் பேர் கூடுவம். கதைப்பம். பிளேன்ரீ குடிப்பம். அவ்வளவுதான். வாங்க."

"நான் முஸ்லிம் ஆள் அண்ணன். கோயிலுக்குள்ள எப்பிடி வாற?"

"குடிக்கக்குள்ள அதப் பாத்தா குடிச்சீங்க?"

கேஸ் அடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கடிதங்கள் தண்ணீரில் மிதந்த கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள், தான் குடிகாரன் என்று சொன்னார்கள், அந்தக் கிழமை எப்படிப் போனது என்று சொன்னார்கள். அடேயப்பா, அந்தச் சொல்லை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லலாமா! என் முறை வந்தது.

"நான் பிரிஜ் பாக்க வந்த," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி, இரிங்க" என்று பக்கத்து ஆளுக்குப் போனார்கள். அடுத்த கிழமையும் பிரிஜ் பார்க்கத்தான் வந்திருந்தேன். மூன்றாம் கிழமை, திருக்கோவில் மீனவர் ஒருவர் தாங்க முடியாமல் கேட்டார்:

"என்ன காக்கா, அந்தப் பிரிஜ் இன்னும் சரிவரல்லியா?"

மண்டபமே சிரித்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எழும்பினேன், போவதற்கு. போகவில்லை. எழும்பின ஆள் எழும்பினபடியே சொன்னேன்:

"என்ட பேர் ஹனீபா. என்ட மூத்த மகள்ட நிக்காஹ் அண்டு நான் வெறியில கிடந்த."

அதற்கு மேல் வரவில்லை. குழந்தை மாதிரி அழுதேன். ஒருவரும் வந்து முதுகைத் தடவவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அந்த மீனவர் மட்டும் தன் பிளேன்ரீக் கோப்பையை என் கதிரைப் பக்கம் தள்ளிவைத்தார். பாலில்லாத தேநீர், இஞ்சி போட்டது, சீனி கூட. அன்றிலிருந்து நான் குடிக்கவில்லை. முதல் பத்து நாள் உடம்பு பட்ட பாட்டை வேறொரு கிழமை எழுதுகிறேன். சவரிமுத்து அண்ணன்தான் டொக்டரிடம் கூட்டிப் போனார், மருந்து எடுத்தேன்.

சைக்கிளை எங்கே விடுவது?

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமையே எனக்கொரு பயம். அந்த மஞ்சள் பெட்டியோடு சைக்கிள் மாதா கோயில் வாசலில் நின்றால், பார்க்கிற எங்கள் ஊரவர் என்ன நினைப்பார்கள்? ஹனீபா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டான் என்று பள்ளிவாசல் வரைக்கும் போய்விடும். தவறணை வாசலில் நின்றால்? ஹனீபா குடிக்கிறான். அது பழைய செய்தி. ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே சைக்கிளைத் தவறணை வாசலில் விட்டுவிட்டு, தொப்பியைப் பையில் வைத்து, ஒழுங்கையைக் குறுக்கே கடந்து, கோயிலின் பக்கக் கேற்றால் உள்ளே போனேன். பதினொரு மாதம் அப்படித்தான். குடிக்காத மனிதன் குடிகாரனாகத் தெரிவதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறான். அல்லாஹ் எனக்குத் தந்த மூளையை நான் பிரிஜ்ஜுக்கு மட்டும்தான் பாவித்திருக்கிறேன்.

சவரிமுத்து அண்ணன் ஒவ்வொரு கிழமையும் சொல்வார், "சைக்கிள உள்ளுக்கு எடுத்து விடுங்க ஹனீபா. அது அங்க நிக்கிறது சரியில்ல." கூட்டம் நீண்டுவிட்டால் "மஃரிபுக்கு நேரமாகுது, வெளிக்கிடுங்க" என்று நினைவூட்டுகிறவரும் அவர்தான். தொழுகை விஷயத்தில் அவர் சொல்லைக் கேட்டேன். சைக்கிள் விஷயத்தில் கேட்கவில்லை.

வீட்டுக்கும் சொல்லவில்லை. "விட்டுட்டன்" என்று ஹாஜராவிடம் முன்பு எத்தனை தரம் சத்தியம் பண்ணியிருப்பேன்! அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை. ஒரு வருடம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நஸ்மியாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடிந்தது. எனக்குப் புதிதாக ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. நிக்காஹ் அன்று சபை நடுவே நடுங்காத கையால் மருமகனின் கையைப் பிடிப்பேன். அதைப் பார்த்து எல்லோரும் தாங்களாகவே தெரிந்துகொள்ளட்டும். வாயால் சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமைகளில் போகும்போதும் வரும்போதும் ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினேன். "என் மகள் நஸ்மியாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்." அட்டாளைச்சேனைச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, யாரோடு கதைத்துக்கொண்டு வருகிறீர்கள், போன் பேசுகிறீர்களா என்று ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.

நஸ்மியா வந்தாள்

நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நஸ்மியா வேலைக்கூடத்துக்கு வந்தாள். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். இருக்கவில்லை. திறந்து கிடந்த பிரிஜ்ஜுகளுக்கு நடுவே ஹேன்ட்பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, ஒண்டு செல்லணும். கோவிக்கப்படா."

"செல்லு மகள்."

"என்ட நிக்காஹ்வ ஜௌபர் சாச்சா செஞ்சு தரட்டும்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். "ஏன் மகள்?"

"ஏனெண்டு கேக்காதீங்க வாப்பா. மாப்பிள்ள வீட்டாக்கள் கேட்டுட்டாங்க. மரக்கறிக்கார லாபிர் காக்கா சனிக்கிழமைல திருக்கோவிலுக்கு லொறி கொண்டு போறவராம். ஒவ்வொரு கிழமையும் ஒங்கட சைக்கிள் எங்க நிக்கிதெண்டு அவர்ர கடையில வெச்சிச் செல்லியிருக்காரு. நிந்தவூர் முழுக்கத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. இதோ, சொல்லிவிடலாமே! "நான் அங்க போகல்ல மகள். சைக்கிள்தான் அங்க நிண்ட. நான் முன்னுக்கு இரிக்கிற மாதா கோயிலுக்குள்ள இருந்த. குடிய விட்டாக்கள் அங்க கூட்டம் வெக்கிற. நான் விட்டுப் பதினொரு மாசம்."

நஸ்மியா என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என் எதிரிக்கும் அல்லாஹ் காட்டக் கூடாது.

"ராத்தாட நிக்காஹ் அண்டு ரெத்தம் குடுக்கப் போனண்டு சென்னீங்க. இண்டைக்கு மாதா கோயில். நாளைக்கு என்ன வாப்பா செல்லப் போறீங்க?"

சவரிமுத்து அண்ணனுக்கு ஒரு போன் எடுத்திருந்தால் போதும். அவர் அரை மணித்தியாலத்தில் பஸ் ஏறியிருப்பார். போனைக் கையில் எடுத்தேன். என் பிள்ளை என்னை நம்புவதற்கு வெளியூரிலிருந்து ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டுமா என்ற ரோசம் வந்தது. போனைத் திரும்ப வைத்தேன். அந்த ரோசத்துக்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? அவளிடம் நம்பிக்கைக்கு ஒரு நூல் கூட மிச்சம் வைக்காதவன் நான்தானே. பதினொரு மாதம் குடிக்காமலிருந்த எனக்கு அந்த ஒரு நிமிட ரோசத்தை விழுங்கத் தெரியவில்லை.

"மௌலவி செல்றாரு, நீங்க ஹயாத்தா, உசிரோட, புத்தியோட இரிக்கிறதால, சாச்சாவுக்கு நீங்களே வாயால உரிம குடுக்கணுமாம். அண்டைக்கு மட்டும்... வாப்பா, அண்டைக்கு மட்டும் ஒழுங்கா வந்துருவீங்கதானே?"

அதைக் கேட்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அது போதும்.

"வருவன் மகள்," என்றேன்.

நடுங்காத கை

வந்தேன். எல்லோருக்கும் முதலில் வந்தேன். இரண்டு வருடமாகப் பையில் கிடந்த அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தேன். கழுத்தடியில் கொஞ்சம் மஞ்சள் பிடித்திருந்தது.

மௌலவி என்னைப் பார்த்தார். மூக்கு என் பக்கம் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்ததையும் கண்டேன். குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கடமை அது.

"என் மகள் நஸ்மியாவை நிக்காஹ் செய்து கொடுக்க என் தம்பி ஜௌபருக்கு உரிமை தருகிறேன்," என்று சபை கேட்கச் சொன்னேன். மூத்தவளுடைய நிக்காஹ்வில் எனக்குப் புத்தியில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை. இளையவளுடைய நிக்காஹ்வில் புத்தி இருந்தது, ஆகவே என் வாயாலேயே கொடுத்தேன்.

ஜௌபர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான். பாவம், சபைக் கூச்சம் உள்ளவன். கை படபடவென்று நடுங்கியது. பேரைச் சொல்லும் இடத்தில் தடுமாறி, மௌலவி எடுத்துக் கொடுக்க, திரும்பச் சொன்னான். நான் குனிந்து என் வலக்கையைப் பார்த்தேன். அது முழங்காலின் மேல் கிடந்தது. ஒரு விரல் கூட அசையவில்லை. என் உதடு மட்டும் ஹெல்மெட்டுக்குள் பழகியதைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏற்றுக்கொண்டேன்," என்றார் மாப்பிள்ளை, ஜௌபரைப் பார்த்து.

சாப்பாட்டில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். மற்ற ஐந்து பேரும் மாப்பிள்ளையைப் பற்றிக் கதைத்தார்கள். நான் ஒரு பிடி சாப்பிட்டிருப்பேன். எழும்பிச் சைக்கிளை எடுத்தேன்.

திரும்பவும் அந்த ஒழுங்கை

இப்போது விளங்கும், நான் ஏன் அங்கே நின்றேன் என்று. எப்படியும் ஊர் என்னைக் குடிகாரன் என்றுதான் சொல்கிறது. மகளும் அதைத்தான் சொல்கிறாள். சொன்னது சொன்னபடி ஆகட்டுமே. ஒரு கிளாஸ் குடித்தால் என்ன குறைந்துவிடும்? இழக்க வேண்டியதைத்தான் காலையில் இழந்தாயிற்றே.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பொரித்த மீன் மணத்தது. சவரிமுத்து அண்ணன் கையில் ஒரு கதிரையோடு பக்கக் கேற்றடிக்கு வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"என்ன ஹனீபா, இண்டைக்கு மகள்ட கலியாணமெல்லோ?"

"முடிஞ்சிட்டு அண்ணன்."

"கையப் பிடிச்சுக் குடுத்தீங்களா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார், ஹேண்டில் திரும்பியிருந்த பக்கத்தைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கதிரையை ஒழுங்கையோரத்தில் வைத்து அதில் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு நேரமானாலும் இருப்பார் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நான் ஹேண்டிலைத் திருப்பினேன். பக்கக் கேற்றுக்கல்ல. முன் வாசலுக்குப் போய், மாதா சிலைக்கு நேர் கீழே, வீதியில் போகிற எவருக்கும் தெரிகிற மாதிரி அந்த மஞ்சள் பெட்டிச் சைக்கிளை நிறுத்தினேன். தொப்பியையும் பையிலிருந்து எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு மரக்கறி லொறி பிரேக் போட்டு நின்றது. லாபிர் தலையை வெளியே நீட்டினான்.

"ஹனீபா காக்கா! என்ன இது, சைக்கிள் பக்கம் மாறி நிக்கிது?"

"நான் ஒரு வருசமா இந்தப் பக்கம்தான்டா. சைக்கிள்தான் அந்தப் பக்கம் நிண்ட."

"இஞ்ச என்ன வேல?"

"குடிய விட்டாக்கள்ட கூட்டம். நானும் குடிகாரன். விட்டுப் பதினொரு மாசம் தாண்டிட்டு. போய் எல்லாருக்கும் செல்லு."

வாயைத் திறந்தவன் மூடாமலேயே லொறியை எடுத்தான். அவனைக் குறை சொல்லக் கூடாது, கண்டதைத்தான் முன்பும் சொன்னான். இதையும் சொன்னான்.

மறுநாள் காலை நஸ்மியா போன் எடுத்தாள். "வாப்பா" என்றாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நீங்க சென்னது உண்மையா வாப்பா?"

"ஓம் மகள்."

"நான் சிரிச்சனே."

"நீ சிரிச்சது சரிதான். நானெண்டாலும் சிரிச்சிருப்பன்."

"இன்னொரு தரம் செல்லியிருக்கலாமே. எனக்கு ஏசிப் போட்டாவது செல்லியிருக்கலாமே வாப்பா." விம்மல் கேட்டது. "நிக்காஹ் ஒருக்காத்தானே."

"ஓம் மகள்," என்றேன்.